விழுங்கிப் பார்த்த சக்கரம்

ஆலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நேரில் பார்த்தால் நாக்கக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் நாக்கு. அதில் கேலி கிடையாது, மரியாதைதான். அந்தச் சீஸ் ஆலையில் மேனேஜர் முதல் வண்டியில் சரக்கு ஏற்றுகிறவர் வரை எல்லாரும் பிழைப்பது, அவள் வாயில் போட்டுத் துப்புகிற ஒரு துணுக்கை நம்பித்தான்.

துப்புகிற என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். இந்தக் கதை மாட்டிக்கொண்டு நிற்பதே அந்த இடத்தில்தான்.

ஆலையின் பின்பக்கம் பக்குவ அறை என்று ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது, எந்நேரமும் குளிர்ந்து கிடக்கும். தரையிலிருந்து கூரை வரைக்கும் மரப்பலகை அடுக்குகள், பலகை பலகையாகச் சீஸ் சக்கரங்கள். தூக்க முயன்றால் இடுப்பு பிடித்துக்கொள்கிற கனம். கதவைத் திறந்தால் மூக்கில் சுருக்கென்று ஒரு நெடி ஏறும். புதிதாக வருகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். அவளுக்கு அது வீட்டு வாசனை. கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஏப்ரன் பையில் உள்ளே குழிவான ஓர் இரும்புக் குச்சி. முதலில் சக்கரத்தைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். உள்ளே பொந்தோ வெடிப்போ இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு குச்சியைக் குத்தித் திருகி இழுத்தால் விரல் கனத்தில் ஒரு நீளத் துண்டு வரும். அதை மோந்து பார்ப்பாள், வளைத்துப் பார்ப்பாள், நுனியைக் கிள்ளி வாயில் போட்டு மேலண்ணத்தில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வாள். அப்புறம் காலடியில் இருக்கும் வாளியில் துப்பிவிடுவாள். மிச்சத் துண்டை வந்த ஓட்டையிலேயே செருகி, கட்டைவிரலால் பூசி மூடி, பக்கத்தில் சாக்பீஸால் ஒரு குறி. வெதுவெதுப்பான தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த சக்கரம்.

விழுங்க ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் வயிறு மந்தமாகிவிடும், நாக்கு எதையும் சொல்லாது. ஆகவே துப்புவதுதான் தொழில். வீட்டில் அவள் சீஸைத் தொடுவதில்லை. கடைக்குப் போனால் அந்த அலமாரிப் பக்கமே திரும்பமாட்டாள். நீங்கள் சீஸ் சாப்பிடுவீர்களா என்று யாராவது கேட்டால் இல்லை என்பாள். அவளைப் பொறுத்தவரை அது சத்தியம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மேல் பலகையில் வருஷக் கணக்காகக் கிடக்கிற பழைய சக்கரங்களைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவற்றின் ருசி வாயோடு முடிவதில்லை. தொண்டையில் இறங்கிய பிறகு என்ன மிச்சம் வைக்கிறது என்பதில் இருக்கிறது சமாச்சாரம். ஒரு துணுக்காவது விழுங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தச் சக்கரங்கள் எப்போதாவதுதான் கீழே இறங்கும். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை, அவளும் வைக்கவில்லை.

இனி அவளுக்கு வந்ததைச் சொல்கிறேன். கேட்கிறவர்களுக்குப் பிடிபடாத விஷயம் என்னவென்றால், ஒன்றுமே நடக்கவில்லை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, கடன் கப்பி இல்லை. ஒரு மழைக்காலத்தில் மெல்ல மெல்ல எல்லாவற்றிலிருந்தும் சாரம் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். துக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். துக்கம் வந்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இது அழக்கூடத் தோன்றாத ஒரு மரத்துப்போன நிலைமை. குளித்தாள், சமைத்தாள், பஸ் பிடித்து வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்துக்கொண்டு இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்தாள்.

தங்கை ஃபோனில் காரணம் தேடித் தேடிக் களைத்துப்போனாள். வயசு என்றாள். ரத்தசோகை என்றாள். அந்தக் குளிர் அறையிலேயே அடைந்து கிடந்தால் எந்த மனுஷிக்குத்தான் நல்லா இருக்கும் என்றாள். எல்லாவற்றுக்கும் இவள் "சரி" என்றாள். இரண்டாம் வருஷக் கடைசியில், வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் கூப்பிட்டு, தான் உண்டாகியிருக்கிற சேதியைச் சொன்னபோதும் "சரி" என்றாள்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குது."

வேடிக்கை என்னவென்றால் நாக்கு மட்டும் ஒரு பழுதும் இல்லாமல் வேலை செய்தது. இந்தச் சக்கரத்தில் உப்பு கூட, அதில் ஓரம் கசக்கிறது, இதை இன்னும் ஒரு மாதம் விட்டுவை என்று வாய் சரியாகச் சொல்லியது. அதைக் கேட்டுக்கொள்ளத்தான் உள்ளே ஆள் இல்லை. நல்ல சக்கரமும் மோசமான சக்கரமும் அவளுக்கு ஒன்றுதான். குறி மட்டும் வேறு வேறு. ஆலையில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நாக்கு நன்றாக இருக்கும்வரை நாக்கக்காவும் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் அப்படி நினைக்க முடியவில்லை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. பேச்சு என்றால் பேச்சு, நிறுத்தாத பேச்சு. லிஃப்ட்டில் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கிற வரைக்கும் வெளியே நின்று அவர்களோடு பேசிக்கொண்டே இருப்பார். பயந்தவர்களைச் சிரிக்க வைத்துவிடுவார். ராத்திரி சாப்பாட்டில் அந்தக் கதைகள்தான் தொட்டுக்கொள்ள. நாய்க்குட்டியோடு மாட்டிக்கொண்ட பல் டாக்டர், கல்யாண மாப்பிள்ளை, யாரிடமும் பேசாமல் இருக்கவே படியில் ஏறாமல் லிஃப்ட்டில் வருகிற ஏழாவது மாடிக்காரர். முன்பெல்லாம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விடவில்லை. இரண்டு வருஷமாகத் தட்டைப் பார்க்கிற ஒருத்திக்குக் கதை சொல்லிக்கொண்டே இருந்தார்.

டாக்டர்கள் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்று தூங்க வைத்தது. இன்னொன்று உடம்பைப் பெருக்க வைத்தது. வேறொன்று வாயை உலர்த்தியதால் அவளே நிறுத்திவிட்டாள். வாய் உலர்ந்தால் தொழில் போயிற்று. கடைசியில் ஒரு மனநல டாக்டர், நிதானமான மனுஷர், அவளைப் பற்றி எழுதியிருந்ததையெல்லாம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பழைய மருந்து ஒண்ணு இருக்கும்மா. இப்ப நாங்க அதிகமா எழுதறதில்ல. மருந்து நல்லதுதான், ஆனா சாப்பாட்டுல ரொம்பக் கண்டிப்பா இருக்கணும். நாள்பட்ட சீஸ் கூடாது. உப்புல ஊற வச்சுப் பக்குவம் பண்ணின இறைச்சி கூடாது. புளிக்க வச்ச சோயா கூடாது, பீப்பா பீர் கூடாது. பழசானது, புளிச்சது எதுவா இருந்தாலும் ஒரு தடவை யோசிக்கணும். நீங்க சீஸ் சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடறதில்ல டாக்டர்."

"வேலை?"

"ஃபேக்டரில. சரக்கோட தரம் பாக்கறது."

பக்கத்து நாற்காலியில் கணவர் தொண்டையைக் கனைத்தார். டாக்டர் நிமிர்ந்தார்.

"ஏதாவது சொல்லணுமா சார்?"

"இல்ல டாக்டர். தொண்டைதான்."

அவளுக்கு அந்த நிமிஷத்தில் ஆலை ஞாபகம் வரவில்லையா என்றால், வந்தது. நாம்தான் துப்பிவிடுகிறோமே என்றும் தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க அந்த நாட்களில் அவளிடம் சரக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள்; கேட்காததைச் சொல்ல ஓர் அக்கறை வேண்டும், அது இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் மட்டும் வாய் திறந்தார்.

"மேல் பலகைச் சக்கரம் எதையாவது இப்ப இறக்கறாங்களா?"

"இல்ல."

அவர் தலையை ஆட்டினார். ஊருக்கெல்லாம் வாயாடி, வீடு வருகிறவரை கல்லுளிமங்கனாக வந்தார். அதையும் அவள் கவனித்தாள், ஒன்றும் நினைக்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று. கீழ்ப் பலகையின் இளம் சக்கரங்களை வழக்கம்போல வாயில் போட்டாள், துப்பினாள், ஒன்றும் ஆகவில்லை. வாரங்கள் போயின. ஒருநாள் பக்குவ அறைக்குள் நுழைந்தபோது குளிர்கிறது என்று தோன்றியது. அது முன்பும் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது, தோன்றவில்லை. இன்னொரு நாள் ராத்திரி, ஏழாவது மாடிக்காரர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு வெளியே இருந்த மெக்கானிக்கிடம் தயவுசெய்து பேசாதீர்கள் என்று கெஞ்சிய கதையைக் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் தண்ணீர் குடிக்க நிறுத்தினார்.

"அப்புறம்?" என்றாள் அவள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். கதையின் மிச்சம் அவருக்கு மறந்துபோயிற்று. கைகழுவுகிற சாக்கில் எழுந்து போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அதற்குச் சில நாள் கழித்து, ஒரு காலையில் மேனேஜர் பக்குவ அறைக்கு வந்தான். அவளைவிட வயதில் சின்னவன், அவசரக்காரன்.

"நாக்கக்கா, மேல் பலகைய இன்னிக்கு இறக்கிடலாமா? வாங்கறவங்க திடீர்னு அடுத்த வாரமே வராங்களாம்."

ஏணி போட்டு இறக்கினார்கள். பழுப்பேறி, ஓடு கல்லாக இறுகிய சக்கரங்கள். அந்த மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், நன்றாக இருந்த காலத்தில், அவளே தட்டித் தட்டிப் பொறுக்கி மேலே ஏற்றச் சொன்னவை. பக்கவாட்டில் அவள் போட்ட சாக்பீஸ் குறி மங்கலாக இன்னும் தெரிந்தது. அவள் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்த காலம் முழுக்க அவை அங்கே இருட்டில் தம் பாட்டுக்குப் பக்குவப்பட்டுக்கொண்டிருந்திருக்கின்றன.

மாத்திரை அவள் நினைவுக்கு வந்தது. ஒரு துணுக்குத்தானே என்று நினைத்தாள். தொழில் தெரிந்தவர்களுக்கே வருகிற நினைப்பு அது. நுனியைக் கிள்ளி வாயில் போட்டாள், அழுத்தினாள், விழுங்கினாள்.

முதலில் உப்பு வந்தது. பிறகு வறுத்த கொட்டையின் வாசம், அதற்கு அடியில் எங்கோ ஓர் இனிப்பு, கடைசியில் நாக்கின் ஓரம் பிடித்து இழுக்கிற ஒரு காரம். நாக்கு சொல்லிக்கொண்டே போனது. இந்தத் தடவை உள்ளே ஆள் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. சாக்பீஸால் குறிக்கிற நன்று இல்லை, சந்தோஷப்படுகிற நன்று. அது அவளைத் திடுக்கிட வைத்தது. இரும்புக் குச்சியில் மிச்சமிருந்த துண்டை ஓட்டையில் செருகப் போனவள், செருகவில்லை. பாதியை ஒடித்து வாயில் போட்டு மென்றாள். மிச்சப் பாதியையும் தின்றாள். அடுத்த சக்கரத்தில் குத்தினாள், அந்தத் துண்டையும் முழுசாகத் தின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் பசியோடு தின்றது அதுதான் முதல் தடவை. வாளி பக்கத்தில் காலியாக நின்றது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகளைக் கூப்பிட்டு, மாசமாயிட்டேன்னு சொன்னியேடி, இப்பத்தான் எனக்குக் கேட்டுச்சு என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

அடுத்த அடுக்கின் பாதியில் பிடரியில் யாரோ கட்டையால் அடித்தது போல ஒரு வலி விழுந்தது. நெஞ்சு தொண்டையில் வந்து அடித்தது. கழுத்து விறைத்தது, வேர்வை கொட்டியது, விளக்கைப் பார்க்க முடியவில்லை. சுத்தியல் கைநழுவிச் சிமெண்டில் விழுந்த சத்தம் கேட்டு மேனேஜர் ஓடி வந்தபோது, அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். பேசமுடியவில்லை. வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ் இரண்டாவது தடவையும் பார்த்தாள். அவசரப் பிரிவின் டாக்டர், சின்ன வயசுப் பெண், மேனேஜரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில் கணவர் வந்து சேர்ந்தார். கிரீஸ் கையைத் துடைக்காமல், மூச்சு வாங்க நின்று, கேட்பதற்கு முன்பே சொன்னார். மாத்திரையின் பெயரைச் சொன்னார். அளவைச் சொன்னார்.

"சீஸ் சாப்பிட்டிருப்பா. பழைய சீஸ். ருசி பாக்கறதுதான் அவ வேலை."

"இந்த மாத்திரையோடயா? எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இது தெரியாதா?"

"தெரியாது. நான் சொல்லல."

நாங்கள் என்று சொல்லவில்லை. நான் என்றார். கண்ணை மூடிக் கிடந்த அவளுக்கு, தலைக்குள் அத்தனை இடிக்கு நடுவிலும் அந்த வார்த்தை தெளிவாக விழுந்தது. நரம்பில் மருந்து ஏற்றி மெல்ல மெல்ல அழுத்தத்தை இறக்கினார்கள். மூளையில் ரத்தம் கசியவில்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் மனநல டாக்டர் கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு நான் இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டிருக்க வேண்டும் என்று தன்மேலேயே போட்டுக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார்.

"சீஸ் பழசாகப் பழசாக அதுல டைரமின்னு ஒண்ணு சேருது. சாதாரணமா யார் சாப்பிட்டாலும், குடல்லயும் ஈரல்லயும் ஒரு நொதி இருக்கு, அது டைரமினை வாசல்லயே பிடிச்சு உடைச்சுப் போட்டுடும். ரத்தத்துக்குள்ள விடாது. அதே நொதி மூளையிலயும் இருக்கு. மனச நல்லா வச்சிருக்கற சில பொருளையும் அது உடைச்சுப் போட்டுட்டே இருக்கும். உங்களுக்குக் கொடுத்த மாத்திரை அந்த நொதியோட கையைக் கட்டிப் போடுது. மூளையில கட்டினா நல்லது, நீங்க தெளிவானீங்க. ஆனா மாத்திரைக்கு மூளை எது, குடல் எதுன்னு தெரியாது. எல்லா இடத்துலயும் கட்டிடும். வாசல்ல காவல் இல்ல. டைரமின் நேரா உள்ள போயி நரம்பு முனையில சேத்து வச்ச சரக்கையெல்லாம் ஒரே மூச்சுல வெளிய தள்ளிடுச்சு. அதான் அழுத்தம் அப்படி எகிறுச்சு."

"இப்ப நிறுத்தியாச்சா?"

"நேத்தே நிறுத்தியாச்சு. ஆனா மாத்திரை போனாலும் கட்டு அவிழாதும்மா. உடம்பு அந்த நொதியைப் புதுசாத் தயார் பண்ணியாகணும். ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் சீஸ் கண்ணுலயே படக்கூடாது. அதுவரைக்கும் மருந்தோட நல்லதும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுட்டே இருக்கும். அதுக்குள்ள யோசிங்க. மருந்து வேணும்னா அந்த வேலை கூடாது, துப்பினாலும் கூடாது. வேலை வேணும்னா மருந்து கூடாது. வேற மருந்து தேடலாம். கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே கோபம் வந்தது.

இரண்டு வருஷமாக அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நோகாமல் நடமாடியவள், இப்போது மூடியை மேடையில் டணாரென்று வைத்தாள். அலமாரிக் கதவைச் சாத்தின சாத்தில் உள்ளே கரண்டிகள் குலுங்கின. கணவர் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் என்ன செய்தார் தெரியுமா, பூட்ஸைத் துடைத்துக்கொண்டே சீட்டி அடித்தார். டணார் சத்தம் கேட்கக் கேட்க மனுஷருக்கு முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் துடைப்பத்தை மூலையில் எறிந்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

"அன்னிக்குக் கனைச்சீங்களே, டாக்டர் கேட்டாரே. அப்ப வாயில என்ன கொழுக்கட்டையா?"

சீட்டி நின்றது. "சொல்லியிருந்தா அந்த மாத்திரையக் கொடுத்திருக்க மாட்டாரு."

"நான் செத்திருப்பேன்."

"ஆமா."

"என்ன ஆமா?"

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். "லிஃப்ட்ல மாட்டினவங்க கத்துவாங்க, என்னைத் திட்டுவாங்க, அழுவாங்க. அது எதுவும் எனக்குப் பயமில்ல. உள்ள ஆள் இருக்குன்னு தெரியும். சத்தமே இல்லாமப் போச்சுன்னாதான் பயம். அப்ப விதிமுறை எதுவும் பாக்கமாட்டேன், கதவ நெம்பிடுவேன். நெம்பினா லிஃப்ட் நழுவலாம், ஆள் போயிடலாம், அதுவும் தெரியும். நீ சத்தம் போடறத நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு. பழைய சக்கரம் இறக்கறாங்கன்னு தெரிஞ்சா உன்னை அன்னிக்கு வேலைக்கே விடக்கூடாதுன்னு இருந்தேன். அவங்க திடீர்னு இறக்கிட்டாங்க. தப்பு என்னோடதுதான்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல? என் உசுரு. என் நாக்கு."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் கோபம் இன்னும் ஏறியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவருக்கு அவள்மேல் இருக்கிற பிரியம் புரியாமல் இல்லை. புரிந்ததனால் ஆறவில்லை. தன்னைக் கேட்காமல் தன்னைப் பணயம் வைத்த ஆள் ஒருவர் பக்கத்து அறையில் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவளைத் தூங்கவிடவில்லை.

நாட்கள் போயின. ஆலையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மருந்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள், பலகையெல்லாம் உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது என்றான். அவளுக்கும் போக ஆசையாகத்தான் இருந்தது. அந்த நாக்கு இல்லாவிட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. புது மருந்து ஏதாவது கேட்டுவிடலாம், கோபம் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தாள்.

இரண்டு வாரம் முடியப் போகிற சமயம். காலையில் கணவர் காப்பியை மேஜையில் வைத்தபோது கை தட்டி முழுக்கக் கொட்டிவிட்டது. அவளுடைய புத்தகத்தின்மேல், செருப்பின்மேல், எல்லாவற்றின்மேலும்.

"அய்யோ, துடைச்சிடறேன், இரு."

"சரி" என்றாள்.

அவர் துணி எடுக்கப் போய்விட்டார். அவள் அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றைக்கு இதே ஆள் கதவை உரக்கச் சாத்தினார் என்று இரைந்தாள். இன்றைக்குச் சரி. அவரைப் பார்த்தாள், இந்த ஆள்மேல் கோபம் இருந்ததே என்று தேடினாள். இருந்தது, தூரத்தில், யாரோ ஒருத்தியுடையது போல. காப்பி விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். பயம் வரவில்லை. வரவேண்டிய பயம் வரவில்லை என்பதைத்தான் கண்டுகொண்டாள். ஆயிரம் சக்கரத்தில் கெடப்போகிற ஒன்றை முதல் துணுக்கிலேயே கண்டுபிடித்தவள் அவள். இந்தச் சரியின் ருசி அவளுக்குத் தெரியும். இது எங்கே போய் முடியும் என்றும் தெரியும்.

எழுந்து புடவையை மாற்றிக்கொண்டு பஸ் பிடித்து ஆலைக்குப் போனாள். பக்குவ அறையின் வாசலிலேயே நின்று, அங்கே மாட்டியிருந்த ஏப்ரன் பையிலிருந்து இரும்புக் குச்சியை எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள்.

"வேற ஆள் பாத்துக்கோ. தட்டிப் பாக்கறத நான் செய்யறேன், காதுக்கு ஒண்ணும் ஆகலை. வாயில எதுவும் வைக்கமாட்டேன்."

அவன் குச்சியை வாங்கிக்கொண்டு விழித்தான். "அக்கா, உங்களை விட்டா... சரிக்கா. அப்ப இனி உங்களை என்னன்னு கூப்பிடறது?"

"பேர் சொல்லிக் கூப்பிடு."

அதற்குத்தான் அவன் அதிகமாக விழித்தான். எத்தனையோ வருஷமாகச் சம்பளம் கொடுக்கிறவனுக்கு அவள் பேர் சட்டென்று நாக்கில் வரவில்லை. அவள் காத்திருக்கவில்லை. வெளியே வந்து டாக்டரைக் கூப்பிட்டு, அந்த மாத்திரையையே சாப்பிடுகிறேன் என்றாள். வேலை என்று டாக்டர் ஆரம்பித்ததும், விட்டுவிட்டேன் என்றாள். அவர் பழைய கண்டிப்பையெல்லாம் மறுபடி ஒருமுறை சொன்னார், அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தார், அப்புறம்தான் சரி என்றார்.

வீட்டில் கணவர் மேஜையைத் துடைத்துப் புத்தகத்தை வெயிலில் காயப் போட்டிருந்தார். அவள் மாத்திரை டப்பாவை எடுத்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒன்றை உள்ளங்கையில் தட்டிக்கொண்டாள். அவர் அதையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் காப்பி கொட்டியபோதே அந்தச் சரி அவருக்கும் தட்டுப்பட்டிருக்க வேண்டும், குரல் இறங்கியிருந்தது.

"என்மேல இன்னும் கோவமா இருக்கியா?"

"இன்னிக்கு இல்ல" என்றாள் அவள். "திரும்ப வரணும்னுதான் இதச் சாப்பிடறேன்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் மாத்திரையை நாக்கில் வைத்தாள். லேசான கசப்பு. விழுங்கினாள்.